மேடத்துக்கு ஒரு பெட்டி

அந்தப் பலகையின் ஒரு முனை இசைவாணியின் கையில் இருந்தது. மறுமுனையை இன்னொரு கை பிடித்து இழுத்தது.

"ஏங்க, இது எங்க பிரஸ் பலகைங்க. தெரியாம பழைய சாமானோட சேத்துப் போட்டுட்டாக. விடுங்க."

"நான்தான் மொதல்ல எடுத்தேன். நீங்க விடுங்க."

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்து வந்திருந்தான். முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. மூக்கு நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. கோபமாக முறைக்க நினைத்திருப்பான் போல... ஆனால் அந்தக் கண்களுக்கு அது கைவரவில்லை.

"ஆளுக்குப் பாதியா அறுத்துக்கிடுங்க" என்றார் பழைய மரக்கடை பலவேசம் அண்ணாச்சி, டீ கிளாஸிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"அறுத்தா என் சோலியும் அதோட அறுந்துரும் அண்ணாச்சி" என்றான் அவன். பலகையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். "பாருங்க, கோடு கோடா வெட்டியிருக்குல்ல? இதுல பிளேடு சொருகித்தான் அட்டப்பெட்டி வெட்டுவோம். டைன்னு சொல்லுவாக. நாளைக்கு மிஷின்ல ஏத்தணும்."

இசைவாணி சட்டென்று கையை எடுத்தாள். இழுத்துக்கொண்டிருந்தவன் பலகையோடு இரண்டு எட்டு பின்னால் போய்ச் சாக்கு மூட்டையில் உட்கார்ந்தான்.

"விடுறதுக்கு முன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டீகளா?"

"விடு விடுன்னு நீங்கதான சொன்னீக..."

அவன் சிரித்தான். மூக்கு நுனித் துளி விழுந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சிவகாசியில் அன்று காலையிலிருந்தே இடி. இடி கேட்டால் பட்டாசுக் கம்பெனியில் வேலை கிடையாது. பத்தரை மணிக்கே எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். எம். புதுப்பட்டியில் வீட்டுக்குப் போய், முகத்தில் அப்பியிருந்த வெள்ளிப்பொடி போக இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, இருப்பதில் நல்ல சுடிதாரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள் இசைவாணி. டவுனுக்கு வரும்போது அவள் எப்போதும் அப்படித்தான் வருவாள். பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள் என்று யாருக்கும் தெரியக் கூடாது.

"இம்புட்டுக் கனமான பலகை எதுக்குங்க?" அவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"ஒரு... பெட்டி செய்யணும். கையில தூக்கிட்டுப் போற மாதிரி. தெறந்தா மேசை, மூடுனா பெட்டி. உள்ள பெயிண்டு பாட்டில், பிரஷ்ஷு எல்லாம் நிக்கணும்."

"என்னத்துக்குப் பெயிண்டு?"

"சின்னச் சின்னப் பொம்மைக்கு."

"எம்புட்டுச் சின்னது?"

பெருவிரலின் மேல் கணுவைத் தொட்டுக் காட்டினாள். அவன் புருவம் உயர்ந்தது. அந்தப் புருவத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். சித்தி வீட்டில், பக்கத்து வீட்டில், கம்பெனியில்... பொம்மை என்றதும் எல்லோருக்கும் அப்படித்தான் உயரும். இருபத்தாறு வயசுல இன்னும் சொப்பு வெளயாட்டா என்று அடுத்த கேள்வி வரும்.

"எனக்கில்ல" என்றாள் அவசரமாக. "எங்க மேடத்துக்கு. நான் அவுக ஆபீஸ்ல இருக்கேன்."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது...

"அப்ப இந்தப் பலகை ஆகாதுங்க. மேடம் தூக்குனா கை கழண்டுரும். மெல்லிசுப் பலகை போதும். நானே செஞ்சு தாரேன்." நம்பரைச் சொன்னான். "பேரு காளீஸ்வரன். ஒங்க பேரு?"

"இசைவாணி."

"பேருல இருக்குற இனிமை பேச்சுல இல்லையே..."

"பலகைய இழுத்தா இப்படித்தான் பேச்சு வரும்" என்று சொல்லிவிட்டு மழையிலேயே நடந்தாள்.

அந்தப் பெட்டி அவளுக்கு அவசியமாக வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் ஒருவர் மேசைமேல் வைத்து விளையாடும் போர் விளையாட்டுக்கென்று குட்டிக்குட்டி வீரர்கள், குதிரைகள், அரக்கர்களை வெறும் சாம்பல் நிறத்தில் கூரியரில் அனுப்புவார். போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டு இரண்டு வருடமாக அவற்றுக்கு வண்ணம் தீட்டுகிறாள். வீடோ ஒரே அறை. சாயங்காலம் தரையில் பரப்பி வைத்தால், அவளைப் பெற்ற அய்யா இருளாண்டி சாப்பிட உட்காரும்போது அத்தனையையும் அள்ள வேண்டும். போன மாதம் அவர் தெரியாமல் ஒரு குதிரைவீரனை மிதித்துவிட்டார். "கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டாள். அவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் வெளியே போனார். ஒரு பொம்மைக்காக அய்யாவிடம் கத்திய அந்தக் குரல் இன்னும் அவள் காதிலேயே கிடந்தது.

காளீஸ்வரனின் பட்டறை அச்சாபீசுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனாள். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டான்.

"பாட்டில் எத்தன நிக்கணும்?"

"முப்பது. படி மாதிரி அடுக்கு வேணும். பின்னால இருக்குற கலரும் தெரியணும். தண்ணிக் கப்பு தட்டுனாலும் சாயக் கூடாது. பிரஷ் முனை எதுலயும் படக் கூடாது, பட்டா வளஞ்சுரும். ரெண்டு பக்கமும் தடுப்பு வேணும், ஃபேன் காத்துல பெயிண்டு காஞ்சுரும். ஒரு சின்ன லைட்டு. அப்புறம்... பாதி வேலையில மூடிட்டா பொம்மை எங்கயும் ஒட்டக் கூடாது."

"அதுக்கு அடியில காந்தம் வச்சு ஒரு தகடு போட்டுருவோம். ஆடாம நிக்கும்." பேசிக்கொண்டே வரைந்தவன் நிமிர்ந்தான். "மேடத்துக்கு இம்புட்டு வெவரமா வேணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துலயே இருக்கேன்ல..."

"சரி, கை ஊனுற மெத்தைக்கு அளவு வேணும். மேடத்துக்குக் கை எம்புட்டு நீளம்?"

அவள் விழித்தாள்.

"ஒங்க கை மாதிரி இருக்குமா?"

"...இருக்கும்."

"அப்ப நீட்டுங்க."

நீட்டினாள். டேப்பை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பிடித்தான். விரல் படாமல், டேப் மட்டும் பட... அவ்வளவு கவனமாக. அவளுக்குத்தான் மூச்சு எங்கோ நின்றுகொண்டது. வெளியே தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"நகத்து ஓரத்துல என்ன மின்னுது?"

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "நெயில் பாலிஷு. அழிஞ்சுபோச்சு."

"வெள்ளிக் கலரா... நல்லாத்தான் இருந்துச்சு." பென்சிலைக் கடித்தபடி சிரித்தான். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிட மாட்டீகளே? இத்துனூண்டு பொம்மைக்குக் கண்ணு வரைய ஒரு பொட்டி, ஒரு லைட்டு, ஒரு மெத்தை... வேல வெட்டி இல்லாத பெரிய வீட்டுக்காரவுகளுக்குத்தான் இதெல்லாம் தோணும்."

அவள் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். "ஆமா, மேடத்துக்குக் கொஞ்சம் பைத்தியம்தான்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்துச் சித்தி சிரித்தபோது இவள் அழுதிருக்கிறாள். இன்று அதே சிரிப்பைத் தானே சிரித்திருக்கிறாள்... முகம் எரிந்தது.

அதற்கடுத்த வாரம் பெட்டியின் எலும்புக்கூடு நின்றுகொண்டிருந்தது. மரத்தூளுக்கு நடுவே நின்றவன், "மேடம் பண்ணுன பொம்மை போட்டோ எதாச்சும் இருக்கா? பாக்கணும்" என்றான்.

போனை நீட்டினாள். படத்தைப் பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான். குதிரைமேல் ஒரு கிழட்டு வீரன். கண்ணில் சோர்வு. இமைக்குக் கீழே ஒரு மயிரிழைச் சிவப்பு.

"இது சும்மா கை இல்லைங்க" என்றான் மெதுவாக. "நானும் கால் மில்லிமீட்டர் பெசகாம வெட்டுறவன்தான். ஆனா இது... அன்னிக்கு நான் பேசுனது தப்பு. தெரியாமப் பேசிட்டேன். மேடத்துக்கிட்டச் சொல்லிருங்க."

இப்போது சொல்லியிருக்கலாம். கதவு திறந்தேதான் இருந்தது. 'அது நான்தான்' என்று இரண்டு வார்த்தை... அவன் கண்கள் அவள்மேல் நின்றன. சொன்னால் அடுத்த கேள்வி வரும். எந்த ஆபீஸ், எந்த மேடம், நகத்தில் என்ன...

"சொல்லிருதேன்" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு வந்த புதன்கிழமை வெயில் கொளுத்தியது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். கம்பெனி கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்து நிழலில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். இசைவாணி அப்போதுதான் மருந்து ரூமிலிருந்து வந்தாள். பழைய சேலைமேல் ஆம்பளைச் சட்டை, தலையில் இறுகக் கட்டிய துண்டு. முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளி. கண் மட்டும்தான் கறுப்பு.

ஆபீஸ் அறையிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். கையில் புதுப் பூச்சட்டிப் பெட்டியின் மாதிரி அட்டை.

காளீஸ்வரன்.

அவள் திரும்பி நின்றுகொண்டாள். ஆனால் அதற்குள் அவன் பார்த்துவிட்டான். இரண்டு எட்டு வந்தான். குனிந்து, சந்தேகத்தோடு, பிறகு சந்தேகமில்லாமல்...

"இசைவாணி? நீங்களா? இங்கனயா இருக்கீக?"

பெண்களின் பேச்சு நின்றது. "யாருளா இது?" என்றாள் பக்கத்தில் இருந்த மாரித்தாய். அவள் முகத்திலும் வெள்ளி, அதில் ஒரு சிரிப்பு. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மா வள்ளித்தாய் பேக்கிங் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல" என்றாள் இசைவாணி. "ஆளு மாறிப் பேசுறாரு."

"இல்லங்க, நான் காளீஸ்வர..."

"எனக்கு ஒங்களத் தெரியாது."

போர்மேன் சீனிவாசகம் ஆபீஸ் படியிலிருந்தே குரல் கொடுத்தார். "ஏப்பா, அட்டை காட்ட வந்தியா, பொம்பளப் புள்ளைககிட்டப் பேச வந்தியா? பேரு வேற வெசாரிச்சு வச்சிருக்க. ஒங்க மொதலாளிக்குப் போன் போடட்டுமா?"

காளீஸ்வரன் அவளைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, பிறகு புரிந்தது போலவும் இருந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. அத்தனை பெண்கள் முன்னாலும் கைகூப்பினான்.

"மன்னிச்சிருங்கம்மா. ஆளு மாறிப் போச்சு. எம் மேலதான் தப்பு."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டைத் தாண்டிப் போனான். சீனிவாசகம் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா கேட்டாள். "அந்தப் பையன நெசமாத் தெரியாதாளா?"

"தெரியாதும்மா."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்... கேட்காதது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு குட்டி வீரனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண் வைத்தாள். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி கோணல். கூப்பிய அந்தக் கைகள்தான் கண்முன் வந்து நின்றன. தன் வேலையை மறைத்தாள், சரி. தன் கலையை மறைத்தாள், அதுவும் சரி. ஒரு மனுஷன் தனக்காக அத்தனை பேர் முன்னால் அசிங்கப்பட்டு நின்றபோது வாயை மூடிக்கொண்டு நின்றாளே... அதை எந்தச் சோப்புப் போட்டுக் கழுவுவது?

பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பாயில் படுத்தும் கண் மூடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, வேலைக்கு முன்னால் பெயர் கூப்பிடும் இடத்தில் அவள் பெயர் வந்ததும், "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு முன்னே வந்தாள்.

"போர்மேன் சார், ஒண்ணு சொல்லணும். நேத்து வந்தவர எனக்குத் தெரியும்."

சீனிவாசகம் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நான்தான் அவருகிட்ட ஒரு பெட்டி செய்யச் சொன்னேன். இங்க வேல பாக்கேன்னு சொல்லாம ஆபீஸ்ல இருக்கேன்னு பொய் சொல்லியிருந்தேன். நேத்து அது வெளிய வந்துரும்னு பயந்து தெரியாதுன்னுட்டேன். அவரு மேல ஒரு தப்பும் கிடையாது. அவரு மொதலாளிக்கு நீங்க திரும்பப் போன் போட்டுச் சொல்லணும்."

நாற்பது பெண்கள் நின்றார்கள். மாரித்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். காது மடல்வரை சூடு ஏறியது இசைவாணிக்கு. கீழே பார்க்கவில்லை.

"இத நேத்தே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல" என்றார் சீனிவாசகம். "அவன வெளி வேலைக்கே அனுப்ப மாட்டேன்னுட்டாரு அவுக மொதலாளி." முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார்.

வரிசைக்குத் திரும்பியபோது அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "பெட்டி எதுக்குளா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"பெயிண்டு அடிக்க. அய்யா சாப்பிடுற எடத்த நான் அடைக்காம இருக்க."

வள்ளித்தாய் மகளின் தலைத்துண்டை இழுத்துச் சரியாகக் கட்டிவிட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. கைகால் கழுவவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற சிவகாசி பஸ்ஸில் அப்படியே ஏறினாள். பக்கத்து சீட்டுப் பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டாள். முன்னால் நின்ற கல்லூரிப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். திருப்பத்தில் இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது... இறங்கவில்லை.

தகரக் கொட்டகையில் அவன் குனிந்து பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"மேடம்னு யாரும் கெடையாது" என்றாள் வாசலில் நின்றபடியே. "ஆபீஸும் கெடையாது. பொம்மைக்குப் பெயிண்டு அடிக்கிறது நான். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறதும் நான். இது நெயில் பாலிஷ் இல்ல."

கையை விரித்துக் காட்டினாள்.

"நேத்தே தெரிஞ்சுபோச்சு" என்றான் அவன். "பொய் சொன்னீகன்னு எனக்கு வருத்தம் இல்ல. எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருசம் குச்சி அடுக்குனவுக. அவுக கைய விடவா ஒங்க கை மோசம்? அதப் போய் எங்கிட்ட ஒளிச்சீகளே, அதுதான்... என்னைய அம்புட்டு மட்டமாவா நெனச்சீக?"

மட்டமாக நினைத்தது தன்னைத்தான் என்று சொல்ல வந்தாள். அழுகைதான் வந்தது. வெள்ளிப்பொடியில் இரண்டு கோடு இறங்கியது.

"காலைல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்" என்றாள். "ஒங்க மேல தப்பில்லன்னு."

"மத்தியானம் மொதலாளி கூப்ட்டுச் சொன்னாரு." மரத்தூளைக் கையால் ஒதுக்கினான். "நாப்பது பேரு முன்னாலயா?"

"ம்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"செத்துப்போயிரலாம்போல இருந்துச்சு."

அவன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் பெட்டி இருந்தது. மேசைமேல் வைத்துக் கொக்கியை நீக்கினான். முன்பக்கம் மெல்ல இறங்கிப் பலகையானது. படிப்படியாக முப்பது குழி, பிரஷ் தொங்க ஒரு கம்பி, தண்ணிக் கப்புக்கு ஆழமான வட்டம், நடுவில் காந்தத் தகடு. ஓரங்களை எல்லாம் கை கிழிக்காதபடி பஞ்சுபோல இழைத்திருந்தான்.

"நேத்து வந்ததும் இத ஒடச்சுப் போடணும்னு சுத்தியல எடுத்தேன்" என்றான். "முடியல. வேல நல்லா வந்திருந்துச்சு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பெட்டியைத் தொடவில்லை. தொட்டால் கறை படும்.

"தொடுங்க. தொடைச்சா போயிரும்."

தொட்டாள். பலகையின்மேல் ஐந்து வெள்ளி விரல்கள் பதிந்தன. அவன் துணியை எடுத்தான்... துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள் பலகையைப் பார்த்தபடி. "இத யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்லுதேன். அன்னிக்குக் கை அளவு எடுத்தீகல்ல... அப்பருந்தே எனக்கு ஒங்களப் புடிச்சுப்போச்சு. அதனாலதான் அம்புட்டுப் பயந்தேன். புடிக்காட்டி எதுக்குப் பயப்படப்போறேன்?"

அச்சாபீஸ் மிஷின் மட்டும் சுவருக்கு அப்பால் தடதடத்தது. நிமிர அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"எனக்குக் கோவம் இன்னும் தீரல" என்றான் காளீஸ்வரன்.

"...சரி."

"ரெண்டு நாள் ஆகும்."

"சரி."

"ஏன் ரெண்டு நாளுன்னு கேக்க மாட்டீகளா?"

நிமிர்ந்தாள். முறைக்கத்தான் பார்த்தான். முடியவில்லை... உதட்டோரம் முதலில் தோற்றது, பிறகு கண்.

"ஒங்க வீட்டுக்கு வந்து ஒங்க அய்யாகிட்டப் பேசணும்ல. கோவத்தோட வந்து பொண்ணு கேட்டா நல்லாவா இருக்கும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளி முகத்தில் இரத்தம் ஏறுவது தெரியாது என்றுதான் நினைத்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழம வாங்க" என்றாள், அவனைப் பார்த்தே. "அய்யா வீட்டுலதான் இருப்பாக."